பெருவில் இரண்டு வாரம்: உயரத்தை வைத்துத் திட்டமிடுங்கள்

கணவன் மனைவி இருவரும் 62 வயது அம்மாவுமாக மூன்று பேர், பெரு நாட்டில் கையில் 14 நாள். மாச்சு பிச்சு, நான்கு நாள் இன்கா பாதை நடை, வானவில் மலை, டிட்டிகாக்கா ஏரி, பாலைவனத் தரையில் வரைந்த நாஸ்கா கோடுகள், அமேசான் காடு எல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. எந்த வரிசையில் போவது, டிசம்பர் விடுமுறையில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: இன்கா இடங்களுக்கு எத்தனை நாள், இயற்கைக்கு எத்தனை நாள் ஒதுக்குவது? என்னைப் பொறுத்தவரை அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் பட்டியலில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதும் தெரிந்துவிடும்.

நான் தொல்லியல் படித்துவிட்டு, பல வருடமாகச் சிறு குழுக்களை ஆண்டீஸ் மலைப்பக்கம் அழைத்துப்போகும் வேலையைச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டையும் பிரிக்காதீர்கள். ஸ்பானியர் வரும்வரை ஆண்டீஸ் மலைநாட்டை ஆண்ட இன்காக்களின் அரசு நின்றதே உயர வேறுபாட்டின் மேல்தான். 3,000 மீட்டரை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் மக்காச்சோளம், அதற்கு மேலே உருளைக்கிழங்கு, 4,000 மீட்டருக்கு மேல் புல்வெளியில் லாமா, அல்பாக்கா என்ற ஒட்டக இன விலங்குகளும், கிழக்குச் சரிவில் காடு தொடங்கும் வெப்பமான இடங்களில் கோகா என்று ஒவ்வோர் உயரத்திலும் ஒன்று விளைந்தது. ஒரே சமூகம் இந்த எல்லாத் தட்டுகளிலும் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு வாழ்ந்த முறையை ஜான் முர்ரா என்ற மானிடவியலாளர் 1972-இல் விரிவாக எழுதினார். இன்காக்கள் அதை ஒரு பேரரசின் அளவுக்குப் பெருக்கினார்கள். மலைமேல் இரவுக் குளிரில் உறையவைத்து, பகல் வெயிலில் காயவைத்த உருளைக்கிழங்கு பல வருடம் கெடாது. அதைக் கிடங்குகளில் சேர்த்தார்கள். கிடங்குகளைச் சாலைகளால் இணைத்தார்கள். அந்தச் சாலை வலையின் நீளம் சுமார் 30,000 கிலோமீட்டர். இன்று ஆறு நாடுகளில் பரவிக் கிடக்கும் அதை 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆக, பள்ளத்தாக்கு, பனிமலை, காடு மூன்றையும் பார்க்கும்போது நீங்கள் இன்காக்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பயணத்தையும் அதே உயரங்களின் வழியாகவே அமைக்கலாம்.

உயரத்தை வைத்துத் திட்டமிடுவதற்கு இன்னொரு காரணம் உடம்பு. லிமா கடலோரத்தில் இருக்கிறது. குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம் லே நகரத்தின் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். லிமாவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடுவீர்கள். வாலிபரோ வயதானவரோ, யாருக்கு உயர நோய் (மெல்லிய காற்றால் வரும் தலைவலி, குமட்டல்) வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நன்றாக ஓடுகிற இளைஞர்கள் படுத்துவிட்டதையும், எழுபது வயதுக்காரர்கள் சாதாரணமாக நடந்ததையும் பார்த்திருக்கிறேன். பலர் கவனிக்காத ஒன்று, மாச்சு பிச்சு 2,430 மீட்டரில்தான் இருக்கிறது, குஸ்கோவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே. அதனால் குஸ்கோவில் விமானம் இறங்கியதும் நகரத்தில் தங்காமல் நேராகக் காரில் உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். புனிதப் பள்ளத்தாக்கு என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அங்கே உள்ள ஒல்லாந்தாய்தாம்போ சுமார் 2,800 மீட்டர். முதல் சில இரவுகள் அங்கே, பிறகு மாச்சு பிச்சு, அதன் பிறகு குஸ்கோ என்று போனால் உடம்பு படிப்படியாகப் பழகும். பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் குஸ்கோவை முதலில் வைப்பது வசதிக்காகத்தான்.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை பலருக்கு உதவுகிறது என்பது மருத்துவ உலகில் உறுதியாக ஏற்றுக்கொண்ட விஷயம். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களும் அதை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. கோகா இலைத் தேநீர் உயர நோயைத் தடுக்கும் என்பதற்கு அவ்வளவு வலுவான ஆதாரம் கிடையாது. சூடாக ஏதாவது குடிப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான். நான் மருத்துவர் இல்லை. அம்மாவின் ரத்த அழுத்தம், இதயம் பற்றிய முடிவை அவரைப் பார்க்கும் மருத்துவரே சொல்லட்டும். பாமர அறிவாக ஒன்று மட்டும்: படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பள்ளத்தாக்கில் குறைந்தது மூன்று இரவு இருங்கள். ஒல்லாந்தாய்தாம்போவில் இன்காக்கள் போட்ட தெருக்களிலேயே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், அந்தக் காலத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. மேலே கோயில் மேட்டில் இளஞ்சிவப்புக் கல்லில் ஆறு பிரம்மாண்டப் பலகைகள் நிற்கும். அவற்றை வெட்டியெடுத்த இடம் ஆற்றுக்கு அக்கரையில், எதிர் மலையில் இருக்கிறது. வழியில் பாதியில் விடப்பட்ட கற்கள் இன்னும் கிடக்கின்றன. கல்லை எப்படிச் செதுக்கினார்கள் என்பதை ஜான்-பியர் புரோட்சன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் சோதித்துப் பார்த்தார். ஆற்றில் கிடைக்கும் கடினமான கூழாங்கற்களால் திரும்பத் திரும்பத் தட்டியே அந்த வடிவத்தைக் கொண்டுவர முடியும் என்று செய்து காட்டினார். கல்லை இளக்கும் மூலிகைச் சாறு, வேற்றுக்கிரகவாசிகள் என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள். அதற்கெல்லாம் எந்தச் சான்றும் இல்லை. பல டன் எடையுள்ள பலகைகளைச் சரிவில் மேலே இழுத்து நிறுத்திய முறையின் எல்லா விவரமும் தெளிவாகிவிட்டதா என்றால், இல்லை. சாய்தளங்களும் கயிறும் நிறைய ஆட்களும் இருந்தார்கள் என்பது வரை தெரியும். எதிர்க் குன்றில் தானியக் கிடங்குகள் தெரியும். காற்று நன்றாக அடித்து உள்ளே குளிர்ச்சி தங்கும்படி வேண்டுமென்றே அவ்வளவு உயரத்தில் கட்டியிருக்கிறார்கள்.

அதே பள்ளத்தாக்கில் மாராஸ் உப்புப் பாத்திகள், மோராய் வட்ட அடுக்கு வயல்கள், பிசாக்கின் மலைச்சரிவு வயல்கள் இருக்கின்றன. மோராயை இன்காக்களின் விவசாய ஆராய்ச்சிக் கூடம் என்று எல்லாக் கையேடுகளிலும் எழுதியிருக்கும். அடுக்குகளுக்கிடையே வெப்பநிலை மாறுகிறது என்பது சரி. அங்கே விதை ஆராய்ச்சி நடந்தது என்பது கருதுகோள்தான். நேரம் குறைவாக இருந்தால் என் ஓட்டு பிசாக்குக்கு. மேல் வாசல் வரை கார் போகும், அம்மா மேலே நின்றே அடுக்கு வயல்களை முழுதாகப் பார்க்கலாம், நீங்கள் இருவரும் ஊர் வரை இறங்கி நடக்கலாம்.

மாச்சு பிச்சுவுக்கு நேரடிச் சாலை கிடையாது. ஒல்லாந்தாய்தாம்போவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் அடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தெஸ் போய், அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் அரை மணி நேரம் பேருந்தில் ஏற வேண்டும். ரயிலில் பெரிய பெட்டி அனுமதி இல்லை. ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் சிறு பையில் எடுத்துக்கொண்டு மற்றதை ஒல்லாந்தாய்தாம்போ விடுதியிலேயே விட்டுப் போகலாம். நுழைவுச் சீட்டில் தேதி, நேரம், எந்தச் சுற்று என்பதெல்லாம் எழுதியிருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். 2024 முதல் மூன்று சுற்றுகளாகப் பிரித்திருக்கிறார்கள். படங்களில் பார்க்கும் அந்தக் காட்சியும் நகரத்தின் உள்பகுதியும் இரண்டுமே வேண்டும் என்றால் இரண்டாம் சுற்று. முதல் சுற்று மேலிருந்து பார்ப்பதற்கு. மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதி, ஏற்றம் குறைவு, ஆனால் அந்தப் பிரபலமான காட்சி அதில் வராது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டென்றால் இதை யோசியுங்கள். கைப்பிடி இல்லாத கல் படிகள் நிறைய. உள்ளே கழிப்பறை இல்லை, வாசலிலேயே போய்விட்டு வர வேண்டும்.

அது என்ன இடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறான கதைகள் அதிகம். 1911-இல் ஹைரம் பிங்காம் அங்கே போனபோது விவசாயக் குடும்பங்கள் அந்த வயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தன. அவர் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார், அவ்வளவே. கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை என்று அன்று நினைத்து, சூரியக் கன்னிகள் வாழ்ந்த இடம் என்று சொன்னார்கள். பிற்காலத்தில் அதே எலும்புகளை மறுபடி ஆராய்ந்தபோது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாக இருந்தது தெரிந்தது. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அதைப் பச்சகூத்தி என்ற மன்னரின் அரச தோட்ட மாளிகை என்று ஏற்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய நில ஆவணங்கள் அதற்கு ஆதாரம். காலம் பற்றித்தான் இன்னும் பேச்சு நடக்கிறது. அவர் 1438-இல் ஆட்சிக்கு வந்தார் என்பது ஸ்பானியர் எழுதிவைத்த கணக்கு. 2021-இல் வெளியான கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்போ 1420 அளவிலேயே அங்கே மக்கள் இருந்தார்கள் என்கிறது. என்னை அங்கே ஒவ்வொரு தடவையும் நிற்கவைப்பது தண்ணீர்தான். வருடத்துக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஒரு செங்குத்து முகட்டில் அந்த ஊர் ஐந்நூறு வருடத்துக்கும் மேலாகச் சரியாமல் நிற்கிறது. கட்டுமான உழைப்பில் பாதிக்கு மேல் தரைக்கு அடியில், அடித்தளத்திலும் வடிகாலிலும் போயிருக்கிறது என்று அதை ஆராய்ந்த நீரியல் பொறியாளர் கென்னத் ரைட் கணித்தார். ஓர் ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பதினாறு நீர்த்தாரைகளில் வரிசையாக விழவைத்திருக்கிறார்கள். வழிகாட்டியிடம் கேட்டு அவற்றைப் பாருங்கள்.

நான்கு நாள் இன்கா பாதை உங்கள் மூவருக்கும் சேர்த்து ஒத்துவராது. 4,215 மீட்டர் கணவாயைக் கடக்க வேண்டும், மூன்று இரவு கூடாரத்தில். வழிகாட்டிகள், சுமைதூக்குவோர் உட்பட ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பெயர் மாற்றவும் முடியாது. ஆனால் அதை முழுதாக விட வேண்டியதில்லை. ரயில் பாதையின் 104-ஆவது கிலோமீட்டரில் இறங்கி ஒரே பகலில் நடக்கும் சிறு பாதை ஒன்று இருக்கிறது. வினாய் வைனா என்ற அழகான அடுக்கு வயல் ஊரைக் கடந்து, சூரிய வாசல் வழியாக மேலிருந்து மாச்சு பிச்சுவை எட்டலாம். இதற்கும் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். அன்று அம்மா அதே ரயிலில் அடிவார ஊர் வரை போய் ஓய்வெடுக்கட்டும். மறுநாள் மூவரும் சேர்ந்து மேலே போய்ப் பார்க்கலாம்.

அடுத்து குஸ்கோ மூன்று இரவு. கோரிக்காஞ்சா என்ற சூரியக் கோயிலின் சுவர்மேல் ஸ்பானியர்கள் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 மே மாத நிலநடுக்கத்தில் மேலே இருந்த மடம் பெரும் சேதமடைந்தது, கீழே இருந்த இன்காச் சுவர்கள் நின்றன. உள்நோக்கிச் சாய்ந்த சுவரும், மேலே குறுகும் வாசல்களும் அந்த உறுதிக்கு உதவுகின்றன. நகரத்துக்கு மேலே சக்சாய்வாமானில் நூறு டன்னுக்கு மேல் மதிப்பிடப்படும் சுண்ணாம்புக் கற்கள் கோணல்மாணலாகப் பொருந்தி நிற்கும். நகரத்து மாதாகோயில்களுக்காகச் சின்னக் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள், நகர்த்த முடியாதவை மட்டும் மிஞ்சின. பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலாச் சீட்டு இருக்கிறது. சக்சாய்வாமான், பிசாக், ஒல்லாந்தாய்தாம்போ, மோராய் அதில் அடங்கும். கோரிக்காஞ்சா, மாராஸ், மாச்சு பிச்சுவுக்குத் தனிச் சீட்டு.

பிறகு காடு. குஸ்கோவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் புவெர்த்தோ மால்தொனாதோ. கிட்டத்தட்ட சமவெளி, வெக்கை, அங்கிருந்து படகில் தம்போபாத்தா பாதுகாப்புக் காட்டு விடுதிகளுக்குப் போகலாம். மூன்று இரவு போதும். களிமண் மேட்டில் பஞ்சவர்ணக் கிளிகள் கூட்டமாக வந்து மண் தின்பதையும், ஏரிகளில் ராட்சத நீர்நாய்களையும் பார்க்க வாய்ப்பு உண்டு. ஜாகுவார் தெரியும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். என் மனதுக்குப் பிடித்தது விமானத்தைவிட மானு சாலைதான். குஸ்கோவிலிருந்து பாவ்கர்தாம்போ ஊரைத் தாண்டி, புல்வெளிக் கணவாயில் ஏறி, மேகக் காடு வழியாகக் கொசுனிபாத்தா பள்ளத்தாக்கில் ஒரே பகலில் இறங்கிவிடும். நான் முன்பு சொன்ன உருளைக்கிழங்கு, சோளம், கோகா அடுக்குகள் அத்தனையும் ஜன்னலுக்கு வெளியே வரிசையாகக் கடந்துபோகும். ஆனால் சாலை குறுகல், மழைக்காலத்தில் மண்சரிவு அதிகம். அம்மாவோடு போவதால் இந்தத் தடவை விமானமே நல்லது.

காடா, டிட்டிகாக்காவா என்று தேர்ந்தெடுக்க வைப்பது ஓர் ஊசி. பெருவிலிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்த விதி இருக்கிறது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து சான்று செல்லும், ஆயுளுக்கும் ஒரே தடவை போதும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல் தடவை போடுகிறவர்களுக்குக் கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், மருத்துவர்கள் யோசித்துத்தான் எழுதிக்கொடுப்பார்கள். அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அம்மாவை மருத்துவரிடம் காட்டுங்கள். போடலாம் என்றால் காடு. வேண்டாம் என்றால் விலக்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், காட்டைக் கைவிடுங்கள். அப்போது குஸ்கோவிலிருந்து பகல் பேருந்தில் ராக்சியில் இன்காக்களின் கடவுளான வீரகோச்சாவின் கோயிலைப் பார்த்து, 4,300 மீட்டரைத் தாண்டும் லா ராயா கணவாய் வழியாகப் புனோ போகலாம். அங்கே 3,812 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா. இன்காக்களின் முதல் முன்னோர் தோன்றியதாக ஒரு கதை சொல்வது அந்த ஏரியில்தான். அதற்குள் உங்கள் உடம்பும் உயரத்துக்குப் பழகியிருக்கும். பக்கத்து ஹூலியாக்காவிலிருந்து லிமாவுக்கு விமானம் உண்டு. காடு, ஏரி இரண்டையும் 14 நாளில் திணிக்காதீர்கள்.

வானவில் மலையை நான் சேர்க்க மாட்டேன். 5,000 மீட்டருக்கு மேல், விடியற்காலை மூன்று நான்கு மணிக்குக் கிளம்பி நாள் முழுக்க அலைச்சல், அம்மாவுக்கு நிச்சயம் வேண்டாம். நாஸ்கா கோடுகள் அருமையானவை, ஆனால் இன்காக்களுக்குப் பல நூற்றாண்டு முந்தையவை, பாதையிலும் இல்லை. இன்காக்களுக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள லிமாவில் ஒரு நாள் லார்கோ அருங்காட்சியகம் போனால் போதும். நேர வித்தியாசம் பத்தரை மணி நேரம் என்பதால் அந்த ஒரு நாள் எப்படியும் தேவைப்படும்.

டிசம்பர் பற்றி: மழை நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரியில் உச்சத்துக்குப் போகும். பிப்ரவரியில் இன்கா பாதையையே மூடிவிடுவார்கள். 2010 ஜனவரியில் வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துப் போய், ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். டிசம்பர் கடைசியில் போனால் நல்ல வானிலை கிடைக்கவே கிடைக்காது என்றில்லை, ஆனால் உத்தரவாதம் குறைவு. முடிந்தால் மே மாதம் மாற்றுங்கள். நம் கோடை விடுமுறையோடும் ஒத்துப்போகும், மழை முடிந்து மலை இன்னும் பச்சையாக இருக்கும், ஜூன் கூட்டமும் இருக்காது. ஜூன் 24 இந்தி ராய்மி என்ற இன்காக்களின் சூரிய விழாவை ஒட்டி குஸ்கோவில் அறை கிடைப்பதே கஷ்டம். மே இரவுகளில் நல்ல குளிர் இருக்கும், அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றும் உடைகள் எடுத்துக்கொள்ளுங்கள். மறியல்கள் அங்கே அடிக்கடி நடக்கும், 2023 ஜனவரியில் போராட்டத்தால் மாச்சு பிச்சுவே சில வாரம் மூடியிருந்தது. கடைசியில் லிமாவில் ஒரு நாள் சும்மா விட்டுவையுங்கள்.

அம்மா சைவம் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்பானிய மொழியில் சின் கார்னே (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொண்டு கோழியைப் போட்டுவிடுவார்கள். சின் கார்னே, சின் போயோ (கோழி வேண்டாம்), சின் பெஸ்காதோ (மீன் வேண்டாம்) என்று மூன்றையும் சொல்லுங்கள். காய்கறி சூப்பும் பெரும்பாலும் கோழி வேகவைத்த தண்ணீரில்தான் இருக்கும், கேட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கு, கினோவா, பெரிய மணிச் சோளம், வெண்ணெய்ப்பழம் எங்கேயும் கிடைக்கும், காரத்துக்கு ரொக்கோத்தோ மிளகாய் இருக்கிறது. சமைத்துக்கொள்வதாக இருந்தால், குஸ்கோ உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. திரும்பும்போது கோகா இலையையோ அந்தத் தேநீர்ப் பையையோ பெட்டியில் வைக்காதீர்கள். பெருவில் அது சாதாரணம், இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தில் வரும். வேலையிடத்தில் போதைப்பொருள் சோதனை உண்டென்றால் அங்கே குடிப்பதையும் தவிருங்கள்.

விசா: இந்தியப் பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் விசா இருந்தால் பெருவுக்குத் தனியாக வேண்டியதில்லை. இல்லாவிட்டால் டெல்லித் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, தூதரகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். அப்புறம், மருத்துவரும் விசாவும் சரியானதும் முதலில் இன்கா சிறு பாதை அனுமதி, அந்தத் தேதிக்குப் பொருந்தும் மாச்சு பிச்சு சீட்டு, அதற்கேற்ற ரயில், அதன் பிறகு உள்நாட்டு விமானம், கடைசியாக விடுதிகள் என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள். மே மாதப் பயணத்துக்கு டிசம்பருக்குள் முதல் மூன்றையும் முடித்துவிடுவது பாதுகாப்பு.